கதிர்காமத்துக்கு அக்காவோட நடை: எங்க இருந்து வெளிக்கிடுற?

இந்த வருஷம் கதிர்காமத்து முருகனிட்ட நடந்து வாறன் எண்டு அக்கா நேத்தி (வேண்டுதல்) வச்சிட்டா, துணைக்கு நான். நான் முன்ன ஊர்க் குழுவோட காட்டுப்பாதையால போய் வந்தவன், அவவுக்கு இதுதான் முதல் தரம், வயசு அம்பதைத் தொடப்போகுது, பிரசருக்கு ரெண்டு நேரம் குளிசை. நேத்தி வச்ச கதை ஊருக்குள்ள பரவினதுல இருந்து கோயிலடியில காணுறவங்க, கடையில காணுறவங்க எல்லாரும் ஆளுக்கொரு வழி சொல்லுறாங்க. ஒருத்தர் வீட்டு வாசல்ல இருந்தே நடக்கோணும் இல்லாட்டி அது நேத்தியே இல்ல எண்டுறார், இன்னொருத்தர் காட்டுப்பாதை தொடங்குற உகந்தை வரைக்கும் பஸ்ஸில போங்க, ரோட்டில நடந்து என்னத்தக் கண்ட எண்டுறார். நாங்க ரெண்டு பேரும் ராவு ராவா இருந்து கதைச்சு ஒவ்வொரு வழியையும் போட்டுப் பார்த்தம், அதைத்தான் இங்க எழுதுறன். மட்டக்களப்பு அம்பாறைப் பக்கமிருந்து கூடப்பிறந்ததோட சோடியாப் போக நினைக்கிற ஆக்களுக்கு உதவும்.

முதல்ல சந்நிதிக் குழுவோட சேருற வழி. யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில இருந்து வேலைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுற சாமிமார் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், வாகரை எண்டு கரையோரமா இறங்கி மட்டக்களப்புக்கு வருவாங்க, முழுப் பயணமும் ஒண்டரை மாசத்துக்கு மேல. மட்டக்களப்புல வச்சு அவங்களோட ஒட்டிக்கொள்ளுற ஆக்கள் ஒவ்வொரு வருஷமும் கன பேர். இதுல உள்ள பெரிய நிம்மதி என்னண்டா படுக்கை, சாப்பாடு ரெண்டுக்கும் தலையைப் போட்டு உடைக்கத் தேவையில்ல, கோயிலுக்குக் கோயில் அன்னதானம், மடத்துல பாய், ஊர்ச்சனம் கால் கழுவித்தான் உள்ள எடுக்கும். நடையும் ஒரேயடியா இல்லாம கோயில் பார்த்துப் பார்த்துப் போற நடை, வயசான அம்மாமாரே அதுல வாறாங்க. ஆனா அவங்கட நாள்க்கணக்கு அவங்கட கையில. ஒரு ஊர்ல திருவிழா எண்டா நிப்பாங்க, நில்லுங்க சாமி எண்டு யாரும் கேட்டா அதுக்கும் நிப்பாங்க. அலுவலகத்துல லீவு எழுதிக் குடுத்திட்டு வாற என்னைப்போல ஆளுக்கு அது சரிவராது. பென்ஷன் எடுத்த ஆக்கள், பிள்ளைகள் வளர்ந்து வீட்டுப் பொறுப்பு விட்ட ஆக்கள் எண்டா கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுக்கச் சொல்லுவன். அக்கா தனியப் போறதா இருந்தாலும் அவவுக்கு இதைத்தான் சொல்லியிருப்பன்.

ரெண்டாவது, வீட்டுல இருந்தே நாங்களா ரோட்டால நடக்கிறது. மாமாங்கத்துல கும்பிட்டு, கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில். மட்டக்களப்பு டவுனில இருந்து பொத்துவிலுக்கே 100 கிலோமீட்டருக்கு மேல வரும், அங்கால பாணமை, உகந்தை வேற. ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் எண்டு வச்சாலும் காட்டு வாசலை மிதிக்க ஒரு கிழமை போயிரும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால உள்ள படுவான்கரை ஆக்கள் மண்டூர்ல, அதான் சின்னக் கதிர்காமம் எண்டு பேரெடுத்த கோயில்ல, கும்பிட்டுப்போட்டு குருமண்வெளிப் பாதையால (ஆக்களை ஏத்துற மிதவைப் படகு) வாவியைக் கடந்து இக்கரைக்கு வந்து இதே ரோட்டுல ஏறுவாங்க.

இந்த ரோட்டு நடையைப் பத்தி ஆக்கள் கதைக்கிறதெல்லாம் பக்தியும் தூரமும்தான், தாரைப் பத்தி ஒருத்தரும் கதைக்கிறல்ல. ஆனி மாசத்துக் கச்சான் காத்து மேற்கால இருந்து அடுப்புக்குள்ளால வாற மாதிரி அடிக்கும், பத்து மணிக்குப் பிறகு தார் ரோட்டுல வெறுங்கால் வைக்கேலாது, ரோட்டோரத்துல நிழல் எண்டு பார்த்தா மதிலும் கடைத் தகரமும்தான். அதனால விடியச் சாமம் வெளிக்கிட்டு ஒம்பது மணிக்குள்ள ஒரு கோயிலுக்குள்ள பூந்திரோணும், பின்னேரம் வெயில் தாழ்ந்தாப் பிறகுதான் மற்ற நடை. அந்த விடியச் சாமத்துலதான் கொழும்பு பஸ்ஸுகளும் மீன் லொறிகளும் பறக்கிற. பையில முதுகுப் பக்கம் வெளிச்சம் பட்டா மின்னுற ஸ்டிக்கர் ஒண்டு ஒட்டுங்க, காவிச் சாரமும் காவிச் சால்வையும் இருட்டுல ஒண்டுக்கும் தெரியாது. ரோட்டு நடையில நல்லது எண்டு சொல்லுறண்டா சனம்தான். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் எண்டு மாறி மாறி வரும், வாசல்ல வாளியோட சர்பத்தும் தண்ணிப் போத்தலும் வச்சுக்கொண்டு நிப்பாங்க, வேணாம் எண்டு சொல்லிப்போட்டு நகரேலாது. எங்களுக்கு இந்த ரோட்டுல ஊருக்கு ஒரு சொந்தம் இருக்கு, அதுவும் ஒரு தொல்லைதான், கல்லாத்துல மாமி வீட்டுக்குள்ள பூந்தா அண்டைக்கு நடை முடிஞ்சுது.

மூணாவது, பஸ்ஸில பொத்துவில், அங்க இருந்து பாணமை, பாணமையில இருந்து திருவிழாக் காலத்துல ஓடுற பஸ்ஸோ வேனோ பிடிச்சு நேர உகந்தை. காட்டுப்பாதை மட்டும் நடை. இப்ப போற ஆக்கள்ல பெரும்பங்கு இப்பிடித்தான் போறாங்க. லீவு குறைஞ்ச ஆக்களுக்கு இதைவிட்டா வேற வழி இல்ல. உகந்தையில முருகனைக் கும்பிட்டு, மலைமேல வள்ளியம்மன் சுனையைப் பார்த்து, கடல் குளிச்சு, அடுத்த நாள் குமண சரணாலய வாசலால உள்ள இறங்கினா வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம், பிறகு கதிர்காமம். பொடியன்மார் மூணு நாளில ஓடிருவாங்க, அவங்களைப் பார்த்துக் கணக்குப் போடாதீங்க, அக்காமாரோட போறண்டா அஞ்சு நாள் வைக்கோணும், ஆறு எண்டாலும் குற்றமில்ல.

இந்த மூணாவது வழிதான் லேசு எண்டு எல்லாரும் சொன்னாலும் அக்காவோட போறதுக்கு எனக்கு அதுல மனம் ஒட்டல்ல, காரணம் இதுதான். காட்டுக்குள்ள முதல் நாள்தான் அவவுட கால் உண்மையில என்ன சொல்லுது எண்டு தெரியவரும். குதியில கொப்பளம் போட்டா, முழங்கால் பிடிச்சா, பிரசர் ஏறினா வாகூரவெட்டையில வச்சு என்ன செய்யிற? குமுக்கன் ஆத்தடி வரைக்கும் ஒருமாதிரித் திரும்பலாம், ஆத்தைக் கடந்து யால பக்கம் இறங்கினாப் பிறகு முன்னால போறதும் பின்னால போறதும் ஒரே தூரம்தான். தண்ணி பவுசர் வாற வாகனம், பட்டாளத்து வாகனம் ஏத்திவிடுவாங்கதான், மனிதாபிமானத்துல செய்வாங்க, ஆனா அதை நம்பித் திட்டம் போடேலாது. ஃபோன் சிக்னலும் உகந்தை தாண்டினா போயிரும். ரோட்டு நடையில அப்பிடி இல்ல. கால் ஏலாட்டி கை காட்டினா பஸ் நிக்கும், அண்டைக்கே வீடு.

அதனாலதான் நாங்க நாலாவதா ஒண்டை எடுத்தம், திருக்கோவில்ல இருந்து வெளிக்கிடுறது. பஸ் ஏறி திருக்கோவில்ல இறங்கி, சித்திரவேலாயுத சுவாமி கோயில்ல ஒரு ராத் தங்கி, விடிய வெளிக்கிட்டு, கோமாரி, பொத்துவில், பாணமை, உகந்தை. 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும், மூணு நாளாப் பிரிச்சா அக்காவுக்கு அமையும். வீட்டுல இருந்து நடக்கிற நாள்க்கணக்குல பாதி மிச்சம், நேர உகந்தைக்குப் போறதை விட பாதுகாப்பு. இந்த மூணு நாளும் கால் தாங்கிச்செண்டா காட்டுக்கும் தாங்கும், தாங்கல்ல எண்டா பொத்துவில்ல வச்சே தெரிஞ்சிரும், ரெண்டு நாள் இளைப்பாறி உகந்தைக்கு வாகனத்துல போகலாம், அதுவும் ஏலாட்டி உகந்தை முருகனையே கும்பிட்டுப்போட்டு வீட்டுக்கு வரலாம். அக்கா முதல்ல ஒத்துக்கொள்ளல்ல, “வச்ச நேத்தியை அரைவாசியில விடச் சொல்லுறியா” எண்டு கேட்டா. விடச் சொல்லல்லக்கா, விடவேண்டி வந்தா எந்த இடத்துல வச்சு விடுற எண்டுதான் கேக்கிறன் எண்டன். அவ ஒண்டும் சொல்லல்ல, அடுத்த நாள் தானே போய் திருக்கோவில்ல இருக்கிற சிநேகிதிக்குக் கோல் எடுத்து மடத்துல இடம் கேட்டிருக்கா.

இந்தத் துண்டுலயும் கவனிக்க வேண்டிய இடம் இருக்கு. கோமாரிக்கும் பொத்துவிலுக்கும் இடையிலயும், பாணமை தாண்டி உகந்தை போற ரோட்டுலயும் ஆனை வரும். அதுல மட்டும் விடியச் சாம நடை வேணாம், வெளிச்சம் வந்தாப் பிறகு, ஆக்கள் கூட்டமாப் போகக்குள்ள சேர்ந்து போங்க.

மொனறாகலைப் பக்கத்தால பஸ்ஸில போய் புத்தளயில இறங்கி அங்க இருந்து கதிர்காமத்துக்கு நடக்கலாம் எண்டும் ஒருத்தர் சொன்னார். தூரம் குறைவுதான். ஆனா அந்த ரோட்டுல ஆனை வாகனத்தை மறிச்சுச் சாப்பாடு கேட்டுப் பழகினது, பையோட நடந்து போற ஆளை அது என்னெண்டு பார்க்கும் எண்டு யோசிச்சுக்கொள்ளுங்க. நாங்க அதை அண்டைக்கே விட்டிட்டம்.

அடுத்தது குழுவா, ரெண்டு பேர் தனியவா? ரெண்டு பேரா நடந்தா நம்மட வேகம், நம்மட நேரம், சமையல் சின்னன், யாருக்கும் காத்து நிக்கத் தேவையில்ல. எனக்குத் தனியப் போறதுதான் விருப்பம், காட்டுக்குள்ள அந்த அமைதி குழுவில கிடையாது, குழுவெண்டா யாராவது ஒருத்தர் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வருவார். ஆனா அக்கா ஒரு கேள்வி கேட்டா, எனக்கு அது தோணவே இல்ல. காலைக்கடன் கழிக்கக் காட்டுக்குள்ள போகக்குள்ள காவலுக்கு நீயா நிக்கப்போறா எண்டு. பொம்பிளைகள் அதுக்கு விடியமுன்ன நாலஞ்சு பேராச் சேர்ந்து ரோச் லைட் அடிச்சுக்கொண்டு போவாங்க, குளிக்கவும் அப்பிடித்தான், ஆத்துல முதலை பார்க்க ஒருத்தி, உடுப்புப் பார்க்க ஒருத்தி. தம்பி எவ்வளவு பாசமா இருந்தாலும் அந்த வேலைக்கு ஆகமாட்டான். அதனால ரோட்டுல ரெண்டு பேர், உகந்தையில எங்கட ஊர்க் குழு வந்தாப் பிறகு அவங்களோட. அக்காவும் தங்கச்சியுமாப் போறண்டாலும் இதைத்தான் சொல்லுவன், அண்ணனும் தம்பியும் எண்டா உங்கட விருப்பம்.

எப்ப உள்ள இறங்கிற எண்டதும் ஒரு கேள்வி. காட்டுப்பாதை திறக்கிற நாளும் பூட்டுற நாளும் ஒவ்வொரு வருஷமும் கச்சேரியில (மாவட்டச் செயலகத்துல) கூட்டம் போட்டுத்தான் முடிவாகும், கதிர்காமத்துக் கொடியேத்தம் பிறையைப் பார்த்து மாறுறதால போன வருஷத்து நாளை வச்சுக்கொண்டு லீவு போட்டிராதீங்க. கிட்டத்தட்ட ரெண்டு கிழமை திறந்திருக்கும். திறக்கிற அண்டைக்கே இறங்கினா கொடியேத்தத்துக்குப் போய்ச் சேரலாம், அதுக்காகவே எல்லாச் சனமும் அண்டைக்கு வரும், வாசல்ல நெரிசல், பாதையில முன்னால போற ஆளுட முதுகு தெரியாத அளவுக்குப் புழுதி, தண்ணித் தாங்கியடியில கானோட வரிசை. கடைசி நாட்கள்ல இறங்கினா பாதை வெறிச்செண்டு இருக்கும், ஆனா மணல்ல கிண்டின ஊத்தெல்லாம் கலங்கிப்போய் நாத்தம் எடுக்கும், தங்குற இடமெல்லாம் குப்பை, அன்னதானம் குடுத்த ஆக்களும் பாதி பேர் கட்டிக்கொண்டு போயிருப்பாங்க. நடுவில, திறந்து மூணு நாலு நாள் கழிச்சு இறங்கிறதுதான் என்ட பார்வையில நல்லம். கொடியேத்தம் தவறும். அக்கா அதுக்குச் சரியெண்டிட்டா, அவவுட நேத்தியில கொடியேத்தம் இல்ல.

மறுகா கால். இதுலதான் நாங்க இன்னும் ஒரு முடிவுக்கு வரல்ல. அக்கா வெறுங்கால் எண்டு நிக்கிறா. காட்டுக்குள்ள வெறுங்கால்ல போற ஆக்கள் இருக்கிறாங்க, இல்லையெண்டு சொல்லல்ல, ஆனா அவங்க வீட்டுலயும் வெறுங்கால்ல திரிஞ்ச ஆக்கள். வெள்ளை மணல் மத்தியானத்துல வறுத்த அரிசி மாதிரிக் கொதிக்கும், மணல் இல்லாத இடத்துல முள்ளு. பாட்டா செருப்பு எல்லாருக்கும் முதல்ல வாற யோசனை, லேசு, நனைஞ்சாக் காயும், தொலைஞ்சாக் கவலையில்ல, ஆனா மணலை அள்ளி அள்ளிப் பின்காலுக்கு எறியும், வார் அறுந்தா ஊசிதான், அதோட அந்த மெல்லிய ரப்பருக்குள்ளால முள்ளு நேர வரும். நான் முன்ன போகக்குள்ள ராவில தங்குற இடத்துல எல்லாரும் செய்யிற வேலை ஒண்டு, ரோச் வெளிச்சத்துல செருப்பைக் கவிட்டுப் போட்டு ஊசியால முள்ளுத் தோண்டுறது. வெளியால பார்த்தா கறுப்புப் புள்ளி மாதிரித்தான் தெரியும், பெருவிரலால அமத்தினா மற்றப் பக்கத்தால நுனி எட்டிப் பார்க்கும், தோண்டாம விட்டா அடுத்த நாள் நடக்க நடக்க அது மேல ஏறி ஏறி வரும். ஓடுற சப்பாத்து எண்டா முள்ளுப் பிரச்சினை குறைவு, ஆனா மணல் உள்ள போய் வேர்வையோட சேர்ந்து விரலுக்கு இடையில உரஞ்சும், ஆத்துல நனைஞ்சா அண்டைக்கு முழுக்க ஈரம். பின்னுக்கு வார் உள்ள தடிச்ச அடிச் செருப்பு, ஒட்டிக் கழட்டுற மாதிரி, உள்ள ஒரு சொக்ஸ், இதுதான் என்ட தெரிவு. அதையும் புதுசா வாங்கிக்கொண்டு நேர போகாதீங்க, ரெண்டு மாசம் போட்டுத் திரிஞ்ச செருப்பா இருக்கோணும். அக்காவுக்கு ஒரு செருப்பு வாங்கி என்ட பைக்குள்ள வச்சிரிக்கன், அவவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இரிக்கா.

சாமான் பங்கு போடுறதைப் பத்தி ஒரு விஷயம் கட்டாயம் சொல்லோணும். கூடப்பிறந்தவங்க எண்டா வழமையா எப்பிடிப் பிரிப்பாங்க, பாரமான அரிசி, சட்டி, பருப்பெல்லாம் தம்பிட தோள்ல, உடுப்பும் மருந்தும் அக்காட பையில. பார்க்க நியாயம். ஆனா காட்டுக்குள்ள அக்காவும் தம்பியும் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு நடக்கிறல்ல, வேகம் ஒத்து வராது, ஒரு ஆள் முன்னுக்குப் போய் மர நிழல்ல இருக்கும், மற்றது ரெண்டு மணித்தியாலம் பிந்தி வரும். அந்த ரெண்டு மணித்தியாலம் ஒரு ஆளிட்ட சாப்பாடு மட்டும், மற்ற ஆளிட்ட மருந்து மட்டும் எண்டா என்ன பிரயோசனம்? அதனால தண்ணி, ரோச், விசில், ஜீவனிப் பக்கட் (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச் சக்கரைத் தூள்), ஒரு நேரத்துக்குக் காணக்கூடிய அவலும் சக்கரையும், அடையாள அட்டை, இதெல்லாம் ரெண்டு பையிலயும் தனித்தனிய. பிரசர் குளிசையை ரெண்டாப் பிரிச்சு ஒரு பங்கு என்னட்ட. சமையல் சாமான் மட்டும் பொதுவா இருக்கட்டும், அது எப்பிடியும் படுக்கிற இடத்துலதான் தேவை.

சமைக்கிறதா, சமைக்காமச் சாப்பிடுறதா எண்டும் பார்த்தம். அரிசி பருப்பு கொண்டு போனா பாரம், விறகு பொறுக்கோணும், ஆனா நாள் முழுக்க நடந்திட்டு சுடச்சுடக் கஞ்சி குடிக்கிற ருசி தனி. சமபோஷ எண்ட சத்துமா, அவல், வறுத்த கச்சான், பேரீச்சம்பழம் எண்டா பாரமும் இல்ல, நேரமும் மிச்சம், மூணாம் நாளுக்குப் பிறகு பார்த்தாலே குமட்டும். பகலுக்குக் காய்ஞ்சது, ராவைக்குக் கஞ்சி எண்டு முடிவெடுத்தம். பொலித்தீன் பக்கட்டுகளை உகந்தை வாசல்ல சோதிப்பாங்க, எல்லாத்தையும் துணிப் பைக்குள்ள மாத்திக் கட்டிக்கொண்டு போனா அங்க நிண்டு அவிழ்க்கத் தேவையில்ல. ரெண்டு பையையும் போன கிழமை கடைத் தராசில வச்சுப் பார்த்தம், அக்காட பை ஆறு கிலோவைத் தாண்டிச்சு, அவிழ்த்துப் பார்த்தா அதுக்குள்ள அரைக் கிலோ விபூதி. குறையுங்க எண்டன், மத்த எதையும் எடு, அதை எடுக்காத எண்டிட்டா, மறுகா ஒரு பெட்சீட்டை வெளிய எடுத்தம்.

பழக்கத்துக்கு இப்ப பின்னேரத்துல கடற்கரை மணல்ல நடக்கிறம், பையைப் போட்டுக்கொண்டு. ரோட்டுல பத்துக் கிலோமீட்டர் போறதை விட மணல்ல நாலு கிலோமீட்டர் போறதுதான் காட்டுக்கு உதவும், கெண்டைக்கால் அடுத்த நாளே சொல்லும். பிரசர் உள்ள ஆக்கள், சீனி வருத்தம் உள்ள ஆக்கள் வெளிக்கிட முன்ன டொக்டரிட்ட ஒருக்கா காட்டுங்க, முக்கியமா சீனிக்காரர் கால்ல புண் வந்தா உணரமாட்டாங்க, ராவில படுக்க முன்ன ஒரு ஆள் மற்ற ஆளுட பாதத்தை ரோச் அடிச்சுப் பார்க்கிறதுக்காவது கூடப்பிறந்தது வேணும்.

திரும்பி வாறதுக்கு கதிர்காமத்துல இருந்து மொனறாகலை, சியம்பலாண்டுவையால கிழக்குப் பக்கம் வாற பஸ் இருக்கு, திருவிழா நாள்ல சீட் பிடிக்கிறதுக்குள்ள நடந்து வந்த களைப்பை விட கூடக் களைப்பு வந்திரும். குழுவா வேன் பேசுறண்டா வெளிக்கிட முன்னமே ஊர்ல வச்சுப் பேசிக்கொள்ளுங்க, கதிர்காமத்துல வச்சுப் பேசினா அவங்க கேக்கிறதுதான் காசு. நாங்க பஸ்தான், அக்காவுக்கு வேனுக்குள்ள சத்தி வரும்.